பனிமேல போட்ட பழி

பனியாம் பனி! காடாம்புலியூர்ல எவனக் கேட்டாலும் இதத்தான் சொல்றான். கொளஞ்சிக்கி இன்னா ஒடம்புன்னு கேளுங்க, பனி ஒத்துக்கலம்பான். ஏன் இப்பிடி இருமுறாருன்னு கேளுங்க, மார்கழிப் பனி யாருக்குத்தான் சேரும்பான். பனிமேல பழியப் போட்டா எல்லாருக்கும் சொகமா இருக்குது. பனி திரும்பி வந்து சண்டைக்கி நிக்காது பாருங்க. எனக்கு வாய் நீளம்னு இந்தத் தெருவுல பேரு. இருந்துட்டுப் போவட்டும். நான் பாத்தத நான் சொல்றேன்.

நான் குணசுந்தரி. முந்திரிக் கம்பெனிக்கிப் போற சந்துல இட்லிக்கடை வச்சிருக்கேன். எதுத்த வூடு கொளஞ்சி வூடு. அந்த வூட்டுக்குப் பின்னாலதான் கம்பெனி. கொட்டை வறுக்கற டிரம்முக்கும் அந்தாளு படுத்திருக்கற ரூமுக்கும் நடுவுல ஒரு மதிலு, ஒரு பலா மரம், அம்மாந்தான். கம்பெனி செந்தமிழ்செல்வனோடது. செல்வன் யாருன்னா, கொளஞ்சி பொண்டாட்டி தில்லையம்மாளோட கூடப்பொறந்த தம்பி. இதுலதான் எல்லா வெனையும்.

கொட்டை வறுக்கறது இன்னா வேலைன்னு வெளியூருக்காரங்களுக்குத் தெரியாது. டப்பாவுல வெள்ளையா முந்திரிப் பயிறு இருக்கும், வாங்கிப் பாயாசத்துல போடுவாங்க. அந்தப் பயிறுக்கு மேல ஓடு, ஓட்டுக்குள்ள எண்ணெ. மேல பட்டா தோலு வெந்துபோவும். சாஞ்சாப்பல ஒரு இரும்பு டிரம்மு, அடியில அடுப்பு. ஒருத்தன் கைப்பிடியப் புடிச்சிச் சுத்திக்கினே இருக்கணும், இன்னொருத்தன் மேல்வாயில கொட்டையக் கொட்டிக்கினே இருக்கணும். சூடு ஏறுனதும் கொட்டை எண்ணெயக் கக்கி நெருப்பு புடிச்சிக்கும். அப்ப ஒரு பொகை கெளம்பும் பாருங்க, வெறகுப் பொகை அதுக்குக் கிட்ட நிக்காது. கண்ணு எரியும். தொண்டையில காரம் ஒட்டிக்கும். கீழ்வாயில எரிஞ்சிக்கினே வந்து விழற கொட்டைமேல தண்ணி தெளிச்சி, சாம்பல் போட்டு ஆத்துனப்பறம்தான் பொம்பளைங்க ஒடைக்கறதுக்கு எடுப்பாங்க.

கொளஞ்சி காட்டுமன்னார்கோயில் பக்கத்துல நெல்லு வெளையற ஊர்லேர்ந்து வந்தவரு. வூட்டோட மாப்பிள்ள. மாமனாரு குடுத்த மனை, மாமனாரு வச்ச டிரம்மு. மாமனாரு போனப்பறம் மச்சானோட டிரம்மு. கல்யாணம் ஆயி வந்த வாரமே கைப்பிடியப் புடிச்சவரு, மூச்சு நின்னு கீழ விழற வரைக்கும் வுடல. மூணு வருசமாச்சி விழுந்து. அந்தாளு பீடிய கையால தொட்டதில்ல. ஆனா எந்த ஆஸ்பத்திரிக்கிப் போனாலும் மொதக் கேள்வி, "எத்தினி பீடி புடிப்பீங்க?" எனக்கு அப்பிடியே பத்திக்கினு வரும்.

செல்வன் கெட்டவன் இல்ல. கெட்டவனா இருந்தாத்தான் வேலை சுளுவாச்சே, மூஞ்சியில துப்பிட்டுப் போயிடலாம். மாமாவ ஆஸ்பத்திரிக்கி அவன் காருலதான் இட்டுக்கினு போவான், மருந்து மாத்தர வாங்கியாருவான், பழம் வாங்கியாருவான். கேளுங்க கூத்த, போன வருசம் தெருவுல எல்லாரும் சேந்து அவன்கிட்ட சண்டைக்கிப் போனாங்க. பொகை தாங்கல, ஸ்கூல் புள்ளைங்க இருமுதுங்க, கலெக்டருக்கு மனு எழுதுவோம்னு. அவன் ஒரு யோசனை பண்ணான். "சரிங்க, இனிமே பொழுது விடியறதுக்குள்ள வறுத்து முடிச்சிடறேன். நீங்க எழுந்து கதவத் தொறக்கறப்ப பொகையே இருக்காது"ன்னான். தெருவே பெருமையா பேசிச்சி, எவ்ளோ நல்ல மனுசன்னு.

சித்திர மாசத்துல அது சரி. மார்கழியில? விடியக்காலம் பனி கூரைமேல வந்து குந்திக்கினு கெடக்கும். பொகை மேல போவ வழி கெடைக்காம அந்தப் பலா மரத்துக்கு அடியிலயே படுத்துக்கும். கடைய நான் விடியக்காலம் தொறக்கறவ, பாக்கறனே. பனி வெள்ளையா இருக்கும். கொளஞ்சி வூட்டுப் பக்கம் மட்டும் கருப்பா இருக்கும். தெருவு எழுந்துக்கறப்ப வெயில் வந்து எல்லாம் கலைஞ்சி போயிருக்கும். அப்பறம் எங்க பொகை? எல்லாம் பனிதான்!

கார்த்திக மழை வுட்ட சமயம் அவருக்கு இழுப்பு ஜாஸ்தியாயி சிதம்பரம் பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. தில்லைக்கித் தொணைக்கி நானும் போயிருந்தேன். தீபிகான்னு ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, ஆனா நின்னு நெதானமா பேசுனாங்க.

"இந்த நோய் முழுசா போவாதுங்க. ஆனா பனிக்காலத்த நல்லபடியா தாண்டலாம். அது உங்க கையிலயும் இருக்கு. வீட்டுல பொகை வருதா? வெறகடுப்பா? பக்கத்துல யாராவது ஏதாவது எரிக்கறாங்களா?"

கொளஞ்சி நிமுந்து பாத்தாரு. கட்டில் கால்மாட்டுல செல்வன் நிக்கிறான், ஒரு கையில பழம், ஒரு கையில சுடுதண்ணி பிளாஸ்க்கு.

"அதெல்லாம் இல்லைங்கம்மா. கேஸ் அடுப்புதான்" அப்பிடின்னாரு.

தில்ல வாயத் தொறந்தா. போர்வைக்கடியில அந்தாளு அவ கையப் புடிச்சி ஒரு அழுத்து அழுத்துனாரு. நான் பாத்தேன். செல்வன் ஜன்னலுக்கு வெளிய எதையோ வேடிக்கை பாக்கறான். டாக்டரம்மா பாவம், அவுங்களுக்கு இன்னா தெரியும்?

"சரி, அப்ப குளுரு மட்டும் படாம பாத்துக்கங்க. காலையில பனியில வெளிய வராதீங்க. இந்த இன்ஹேலர, நல்லா இருக்கற அன்னிக்கும் ரெண்டு வேளையும் இழுக்கணும், இழுத்ததும் வாய் கொப்புளிக்கணும். வெயில் வந்தப்பறம் கொஞ்சம் கொஞ்சமா நடங்க, படுத்தே கெடக்காதீங்க. சளி நெறம் மாறுனா, மஞ்சளா பச்சையா வந்தா, மூச்சு எப்பவும் வுட ஜாஸ்தி வாங்குனா, அன்னிக்கே வந்துடுங்க" அப்பிடின்னாங்க. பனிக்காலத்துக் காய்ச்சலு வராம இருக்க ஒரு ஊசியும் போட்டு அனுப்புனாங்க.

வூட்டுக்கு வந்ததும் செல்வனே ஏணி போட்டு ஏறி, மாமா ரூமு ஜன்னலுக்கெல்லாம் சாக்கு வச்சி ஆணியடிச்சான். "மாமாவுக்கு ஒரு பொட்டு பனி எறங்கக் கூடாது குணாக்கா"ன்னு சொல்லிக்கினே அடிச்சான். எல்லாம் கொட்டை மூட்ட சாக்கு. பின்பக்கம் உசரத்துல இருந்த ஓட்டை மட்டும் ஏணிக்கி எட்டல, அப்பிடியே வுட்டுட்டான். அது வழியா பொகை வரும். போறதுக்கு வழி கெடயாது. இதுக்குப் பேரு கவனிப்பு!

அன்னிக்கி நான் தில்லய கடைக்கிக் கூப்புட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்.

"ஏன்டி, அந்தாளுதான் பொய் சொன்னாரு. நீ ஊமையா? ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவ?"

"எப்பிடிக்கா சொல்றது? அவரு கையப் புடிச்சிக்கினாரே."

"கையத்தான புடிச்சாரு, நாக்கயா புடிச்சாரு?"

"நீ பேசுவக்கா. குந்தியிருக்கற எடம் எங்கப்பா குடுத்தது. அவரு இத்தினி வருசமா எங்க வூட்டாளுங்க முன்னாடி எனக்கு இது ஆவுல, அது பத்தலன்னு வாயத் தொறந்ததில்ல. மாப்பிள்ளன்னா அப்பிடி இருக்கணும்னு எங்கம்மாவே சொல்லுவாங்க. இப்பப் போயி மச்சான்கிட்ட நெருப்ப அணைன்னு கேப்பாரா? செத்தாலும் கேக்க மாட்டாருக்கா."

"சாவத்தான் போறாரு, பாத்துக்கினே இரு"ன்னேன். சொல்லக் கூடாதுதான். வாயில வந்துடுச்சி. அவ அழுதுக்கினே போயிட்டா.

மார்கழி பூரா இதே பொழப்பு. தில்ல டாக்டரம்மா சொன்னத ஒன்னு வுடாம செஞ்சா. வேளைக்கி இன்ஹேலரு, கொப்புளிக்க வெந்நி, கழுத்துக்கு மப்ளரு, வெயில் ஏறுனா சந்து முனை வரைக்கும் கையப் புடிச்சிக்கினு நடை. நடந்து வந்து எங்கடை பெஞ்சுல குந்துவாரு. ஒரு இட்லிய பிட்டுப் பிட்டுத் தின்னுவாரு, நடுவுல மூச்சு வாங்கிக்குவாரு. "இன்னா மாமா, எப்பிடி இருக்குது?"ன்னு கேட்டா, "பரவால்லம்மா, பனிதான் கொஞ்சம்"னுவாரு. அந்த வாயிலயே பனியக் கேட்டா எனக்கு எங்க போயி முட்டிக்கறது?

போகிக்கி முந்துன நாளே சளி நெறம் மாறிடுச்சின்னு எங்களுக்கு அப்பறந்தான் தெரிஞ்சிது. அவரு கொட்டாங்குச்சியில துப்பி மேல சாம்பலப் போட்டு மூடி மூடி வச்சிருக்காரு, பொண்டாட்டி கண்ணுல படக் கூடாதுன்னு. ஏன்னா, பண்டிகை நேரத்துல ஆஸ்பத்திரின்னா மச்சான் வியாபாரத்த வுட்டுட்டுக் காரத் தூக்கிக்கினு அலையணுமாம். பொங்கலுக்கு லோடு போவ வேண்டியிருக்காம். இந்த மரியாதையெல்லாம் எவன் கண்டுபுடிச்சானோ.

போகியன்னிக்கி விடியக்காலம் தெரு பூரா டயரும் கிழிஞ்ச பாயுமா எரியுது. பின்னால டிரம்மும் ஓடுது. நான் மாவ ஊத்திக்கினு இருக்கேன், தில்ல போட்ட சத்தத்துல கரண்டியோட ஓடுனேன். அந்தாளு கட்டிலோரமா குந்திக்கினு, ரெண்டு கையையும் முட்டியில ஊணிக்கினு, வாயத் தொறந்து தொறந்து மூடறாரு. ஒதடு நீலம் பாரிச்சிப் போச்சி. கழுத்து நரம்பு பொடைச்சிக்கினு நிக்கிது. ரூமுக்குள்ள எனக்கே மூச்சு முட்டுச்சி. தில்ல இன்ஹேலர வாயில வச்சி அழுத்தறா, அந்தாளுக்கு இழுக்கறதுக்கே தெம்பு இல்ல.

உத்திராபதி ஆட்டோவக் கூப்புட்டு, தெருப் பொகைக்கி மூக்குல ஈரத்துண்டக் கட்டி, ஆரம்ப சுகாதார நெலையத்துக்கு அள்ளிப் போட்டுக்கினு போனோம். ஆக்சிஜன் வச்சாங்க, மருந்துப் பொகை புடிக்கற மாஸ்க்கு மாட்டுனாங்க, ஊசி போட்டாங்க. மத்தியானத்துக்குத்தான் முகத்துல கொஞ்சம் ரத்தம் வந்தது. அங்க இருந்த நர்சம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. "வூட்டுல பொகை வாடை இவரு சட்டையிலயே வருதே. திரும்ப அதே எடத்துல கொண்டு போயி படுக்க வச்சா, அடுத்த தடவ நாங்க காப்பாத்துவோம்னு நம்பாதீங்க." மாத்தரையக் குடுத்து, மறுபடி மூச்சு வாங்குனா நேரா சிதம்பரம் போயிடுங்கன்னு அனுப்புனாங்க. நான் அவர அந்த வூட்டுக்கு வுடல. எங்க வூட்டு முன்ரூமுல கட்டிலப் போட்டேன்.

சாயங்காலம் செல்வன் பொங்கச் சீரோட வந்தான். புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து, பொடவை, வேட்டி. கரும்புக் கட்டத் தோள்ல தூக்கிக்கினு ஜெயப்பிரகாஷ் பின்னாலயே வந்தான். இப்ப டிரம்மு சுத்தறவன் அவந்தான்.

"இன்னாக்கா, மாமாவ இங்க கொண்டாந்து போட்டிருக்கீங்க? எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா கார அனுப்பியிருக்க மாட்டனா? பனி இந்த வருசம் ரொம்ப ஜாஸ்திக்கா."

அவ்வளவுதான். தில்லைக்கி எங்கேர்ந்துதான் வந்ததோ.

"பனின்னு இன்னொரு தடவ சொன்ன, செருப்பு பிஞ்சிடும்! எம்புருசனக் கொல்றது பனி இல்லடா. நீதான்டா. உன் டிரம்முதான்டா."

"அக்கா, இன்னா பேசற நீ? நானா வேணும்னு செய்யறேன்? இத்தினி பொம்பளைங்க அதுல ஒடச்சித்தான் சோறு துன்றாங்க. நீ துன்ற சோறும் அதுலதான் வருது. அன்னிக்கி டாக்டரம்மா வாயத் தொறந்து கேட்டாங்கல்ல? மாமாதான பொகை இல்லன்னாரு? மாமா, நீங்களே சொல்லுங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கீங்களா?"

"சொல்றதுக்கு மூச்சு வேணும்டா!"

இத அவ கத்துன கத்துல சந்துல போனவங்கெல்லாம் நின்னுட்டாங்க. செல்வன் மாமா பக்கம் திரும்புனான். கொளஞ்சி கட்டிலப் புடிச்சிக்கினு நிமுந்து குந்துனாரு. அப்பறம் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னாரு.

"மச்சான்... எனக்கு... பயமா... இருக்குது."

இத்தினி வருசத்துல மச்சான்கிட்ட அவரு கேட்டது அது ஒன்னுதான். அதுவும் கேக்கல, சொன்னாரு. செல்வன் அப்பிடியே தரையில குந்திட்டான். கண்ணு செவந்து போச்சி. எனக்கே ஒரு நிமிசம் எரக்கமா போச்சி. அந்த எரக்கத்துல மண்ணு விழ, அடுத்தாப்பல அவன் பேசுனதக் கேளுங்க.

"சரிக்கா. நாளைக்கிப் பொங்க, டிரம்மு ஓடாது. மாட்டுப்பொங்கலன்னிக்கி விடியக்காலம் மட்டும் ஒரே ஒரு தடவ. வண்டி வருது, தள்ள முடியாது. அதுக்கப்பறம் டிரம்மக் கழட்டி ஏரிக்கரைப் பக்கம் மாத்திடறேன்."

"ஏரிக்கரையில யாரு வூடு இருக்குது?"ன்னா தில்ல.

கரும்புக் கட்ட எறக்கி வச்ச ஜெயப்பிரகாஷ் பேசுனான். "எங்க வூடுதான் இருக்குது. எங்க தெருதான் இருக்குது."

"கேட்டுக்கினியா?" தில்ல எழுந்து நின்னுட்டா. "எம்புருசன் நெஞ்சு சதை, அவுங்க நெஞ்சு மட்டும் இரும்பா? வெயில் ஏறுனப்பறம் வறு. பொகை போற கொழாய உசரமா ஏத்து. அது முடியாதா உனக்கு?"

"பகல்ல வறுத்தா ஊரு பூரா பொகையப் பாக்கும்க்கா. திரும்பவும் சண்டைக்கி வருவாங்க."

"பாக்கட்டும்டா! இருட்டுல வறுத்தா எம்புருசன் மட்டுந்தான் பாக்கறாரு. ஊரும் பாக்கட்டும். வந்து கேக்கட்டும். அப்பத்தான நீ கொழாய ஏத்துவ?"

செல்வனுக்கு ரோசம் வந்துட்டுது. "அப்ப நான் குடுக்கற சீரும் வேணாங்கற. அப்பிடித்தான?"

"வேணாம்னு எவ சொன்னா? வச்சிட்டுப் போ. அந்தப் பானையிலதான் பொங்கப் போறேன்."

அவன் விருட்டுனு எழுந்து போயிட்டான். அவ இன்னா நெனச்சிக்கினு அப்பிடிச் சொன்னான்னு எனக்கு அப்ப தெரியல.

பொங்கலன்னிக்கிக் காலையில தலைக்கி ஊத்திக்கினு வந்து நின்னா. "அக்கா, உன் கடை கேஸ் அடுப்பக் குடு, சிலிண்டரும் வேணும்"னா. எதுக்குடின்னா, "தூக்கு, சொல்றேன்"னா. ரெண்டு பேரும் தூக்கிக்கினு போனோம். நேரா கம்பெனிக்குள்ள போனா. டிரம்முக்கு அடியில, நெருப்பு போடற வாயிருக்குதே, சாம்பல் ஆறிப்போயி கெடந்தது. அந்த வாயில அடுப்ப வச்சா. மஞ்சக்கொத்து கட்டுன பானைய மேல வச்சி, குங்குமம் இட்டு, பால ஊத்துனா.

ஒடைக்கற பொம்பளைங்க புதுப்பொடவையோட ஒவ்வொருத்தியா வந்து நின்னாளுங்க. "கேஸ் அடுப்புலயா பொங்க வைக்கறது? வாசல வுட்டுட்டு இங்க எதுக்கும்மா?"ன்னு ஒருத்தி இழுத்தா. "எம்புருசன் இருக்கற எடத்துல இனிமே பொகை கெடயாது. இது எங்கப்பன் வூட்டு டிரம்மு, இங்க பொங்க வைக்க எனக்கு உரிம இருக்குது"ன்னா தில்ல. பலா மரத்துக்கு இந்தாண்ட வெயில் விழற எடமா பாத்து, நான் கொளஞ்சிய நாற்காலியில குந்த வச்சி சால்வையப் போத்துனேன்.

செல்வன் வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு ஓடியாந்தான்.

"இன்னாக்கா இது, கூத்தடிக்கிற? நாளைக்கி இங்க நெருப்பு போடணும்."

"போட்டுக்கோ. அடுப்பு குணாக்காளோடது, அது போயிடும். பானை இங்கதான் இருக்கும். பொங்குன பானைய வெயில் ஏறாம நான் எறக்க மாட்டேன். தைப் பனி வுடற வரைக்கும் தெனம் ராவுல இந்த வாயிலதான் குந்தியிருக்கும். விடியக்காலம் வறுக்கணும்னா உன் காலால எட்டி ஒதச்சித் தள்ளிட்டு வறு."

அக்கா வச்ச பொங்கப் பானைய எவன் தொடுவான்? அதுவும் மஞ்சக்கொத்து கட்டுன பானைய? செல்வன் சுத்திப் பாத்தான். பொம்பளைங்க பானையச் சுத்தி நெருங்கி நின்னாளுங்க. "ஜெயப்பிரகாசு"ன்னு கூப்புட்டான்.

"நான் எடுக்க மாட்டேன் மொதலாளி" அப்பிடின்னான் அவன். "நாளைக்கி விடியக்காலம் நான் வரவும் மாட்டேன். வெயில் ஏறட்டும், சுத்தறேன்."

செல்வன் மாமாவப் பாத்தான். அவரு தலையத் தொங்கப் போட்டுக்கினு, சால்வைக்குள்ள மூச்சு வாங்கிக்கினு குந்தியிருக்காரு. மாரு மேல ஏறி ஏறி எறங்கறது சால்வைக்கி மேலயே தெரியிது. "சரிக்கா"ன்னான். "வெயில் ஏறியே வறுக்கறேன். கொழாயும் ஏத்தறேன்."

அந்த நேரம் பாலு பொங்கிடுச்சி. நொரை பானை கழுத்தத் தாண்டி வழியுது. எல்லாரும் நிக்கிறோம், ஒருத்தரும் கத்தல. வூட்டு ஆம்பளதான மொதக் கொரல் குடுக்கணும். கொளஞ்சி வாயத் தொறந்தாரு. காத்துதான் வந்தது. அதுக்கே இருமல் புடிச்சிக்கினு ஆள ரெண்டா மடக்கிடுச்சி. நான் முதுகத் தடவிக் குடுத்தேன்.

தில்ல தம்பி பக்கம் திரும்புனா.

"அவரால முடியாது. அவருக்கும் சேத்து நீ கத்துடா. பொங்கலோ பொங்கல்னு கத்து."

செல்வன் வாயத் தொறந்தான். "பொங்க..."ன்னு வந்தது. அதுக்கு மேல வரல. நெஞ்சுல கைய வச்சிக்கினு திரும்பவும் வாயத் தொறந்தான். கண்ணுலேர்ந்து பொலபொலன்னு தண்ணிதான் கொட்டுது, சத்தம் வரல.

"வரலல்ல?" அப்பிடின்னா தில்ல. "இப்பிடித்தான்டா அவருக்கு. மூணு வருசமா."

சொல்லிட்டு, களைஞ்சி வச்சிருந்த அரிசிய எடுத்துப் பானையில போட்டா.